பதினேழாவது வாரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
'பொந்து மாநகராட்சி' சின்னப் பிள்ளைகளுக்கானது இல்லை.
எலிகள் பேசுகின்றன என்பதால்
என் தம்பி வெள்ளையனும் வந்து உட்கார்ந்துவிடுகிறான்,
பெருச்சாளி மேயர் குழியில் விழுந்தால் மட்டும் சிரிக்கிறான்.
அந்தக் குழிக்கு மூன்று முறை பில் போட்டவரும் மேயர்தான் என்பது
அவனுக்கு எட்டவில்லை. மூன்றாம் வகுப்பு.

எனக்குப் பதினைந்து நடக்கிறது.
ஞாயிறு இரவு எட்டரை.
விடிந்தால் பொதுத்தேர்வு என்றாலும்
அந்த அரைமணி எனக்குத்தான் என்று
அம்மாவிடம் எழுதி வாங்காத குறை.

முதல் வாரமே என்னை விழவைத்தது இதுதான்:
பூனைக்கு மணி கட்ட ஒரு குழு அமைக்கிறார்கள்.
குழுவுக்குத் தலைவர், பூனை.
தீர்மானம் ஏகமனதாக நிறைவேறுகிறது.
மாதிரிக்கு வந்த மணியை
மூஞ்சூறு செயலாளர் தன் குழந்தைக்குக்
கிலுகிலுப்பையாகக் கொண்டுபோகிறார்.
தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்,
மூக்கு வழியாக வந்தது.

குறைகளும் உண்டு.
பெண் எலிகள் எல்லாம் ஒரே குரலில் பேசுகின்றன,
அதே குரலில் புடவை கேட்கின்றன.
ஆறாவது வாரம் பூராவும்
ஒரு குண்டு எலியின் தொப்பையை வைத்தே ஓட்டினார்கள்.
"கிண்டல் இல்லடி இது, சோம்பேறித்தனம்" என்றாள் ரிஸ்வானா.
சரிதான்.
பின்னணிச் சிரிப்பையும் எடுத்துவிடலாம்,
எங்கே சிரிப்பதென்று எனக்குத் தெரியும்.

தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பதினேழாவது வாரம்
பொந்துக்கு மேலே இருக்கும் வீட்டைக் காட்டினார்கள்.
தேக்குத் தூண், ஆளுயரக் கண்ணாடி,
வளவைச் சுற்றிப் பூட்டிய அறைகள்.
பள்ளத்தூர் என்று யாரும் சொல்லவில்லை.
எங்கள் வீடு மாதிரியே இருந்தது என்றும்
என்னால் சொல்ல முடியாது,
நாங்கள் அதன் பின்கட்டில் இருக்கிறோம்,
அப்பாவிடம் சாவி இருக்கிறது, அவ்வளவுதான்.

கார்ட்டூனிலும் ஒருத்தர், சாவிக்கொத்தோடு.
வாயோரம் எச்சில்,
வயிற்றின்மேல் எலிகளின் மன்றக் கூட்டம்.
எழுந்தால் ஒரு கதவைக் கழற்றுவார்,
பழம்பொருள் கடையில் விற்பார்,
வந்து படுத்துக்கொள்வார்.
கடைசியில் வீட்டில் கதவே இல்லை,
கொத்தில் நூறு சாவி.
நன்றாக வரைந்திருந்தார்கள். அதுதான் கஷ்டம்.
தம்பி உருண்டு சிரித்தான்.
அப்பாவும் சிரித்தார்,
"சாவிய எடப்பக்கம் சொருகியிருக்கான் பாரு, கிறுக்கன்.
அவசரத்துக்குக் கைக்கு வருமா?"

மறுநாள் காலை சென்னையிலிருந்து போன்.
சின்ன முதலாளியும் பார்த்தாராம்.
"என்ன வயிரவா, நம்ம கதவெல்லாம் இருக்குல்ல?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.
"நூத்தி முப்பத்தாறும் இருக்குங்கய்யா."
அப்பாவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இரவு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார்.
பின்னாலேயே போனேன், எதற்கென்று கேட்கவில்லை.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
ஒவ்வொன்றையும் தள்ளிப் பார்த்து, தட்டிப் பார்த்து,
அதுகளாகவே இறங்கி நடந்துவிடும் என்பதுபோல.
மாடியில் ஓரிடத்தில் எண்ணிக்கை தப்பியது.
மறுபடி கீழே வந்து
ஒன்று.

யார் யாரையோ வரைகிறார்கள்.
மேயர், காண்ட்ராக்டர், பூனை,
எச்சில் ஒழுகத் தூங்குகிறவர்.
போன் போட்டுச் சிரித்துக்கொண்டே கேட்கிறவரை
இன்னும் வரையவில்லை.
வரைவதாக இருந்தால் என்னைக் கேட்கட்டும்,
அந்தச் சிரிப்பு எந்தச் சொல்லில் நிற்கும் என்று
எனக்குத் தெரியும்.

பத்துக்கு எட்டு போட்டிருந்தேன். இப்போது ஆறரை.

அடுத்த ஞாயிறும் எட்டரைக்குப் போட்டேன்,
அதை ஏன் மறைக்க வேண்டும்.
மேயர் வெள்ள நிவாரணமாக ஆளுக்கொரு குடை கொடுத்தார்,
எல்லாம் ஓட்டை,
கடித்தது யார் என்று விசாரணைக் கமிஷன்.
நல்ல பகுதி.
அப்பா கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு
ஈரக்காலோடு வந்து நின்றார்.
"பூனைக்கு மணி கட்டியாச்சா?"
"குழு கூடியிருக்குப்பா."
"ம்" என்று உட்கார்ந்தார்,
சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுக்காமலே.